செம்புக் கனியம் என்று எழுதியிருந்த கல்

பழைய ஆய்வுகூடத்தை இடித்துவிட்டு இரண்டு மாடிக் கட்டடம் எழுப்புவதென்று தீர்மானமானதும், உள்ளே இருந்தவற்றைப் பெட்டிகளில் அடுக்கும் வேலை துஷாந்தினியின் தலையில் விழுந்தது. கொக்குவிலில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தப் பாடசாலையில் அவள் பதினொரு வருடமாக உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறாள். முப்பத்தொன்பது வயது. எந்த வேலையைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் முடித்துவிடுவாள் என்று பெயர் எடுத்திருந்ததால், சுளிக்கத்தக்க வேலைகள் எல்லாம் அவளிடமே வந்து சேர்ந்தன.

அவளுடைய மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதன் கீழ்த் தட்டில் கனியங்களின் மாதிரிகள். புல்மோட்டை இல்மனைற் மணல் ஒரு போத்தல், காங்கேசன்துறைச் சுண்ணக்கல், பென்சில் செய்யும் காரீயத் துண்டுகள், உரித்தெடுத்த மைக்காத் தகடுகள். எல்லாவற்றுக்கும் பின்னால் மூடி துருப்பிடித்த ஒரு பிஸ்கற் தகரப் பேணி. அதைத் திறந்தபோது, பஞ்சுக்குள் சின்ன மாங்காய் அளவில் ஒரு கல் கிடந்தது.

கபில நிறப் பாறை. அதன் ஒரு பக்கம் முழுவதும் மயிரளவு மெல்லிய பச்சை ஊசிகள் கொத்துக் கொத்தாக விரிந்து நின்றன. முதல் மழைக்குப் பிறகு குரக்கன் பயிர் முளைத்த தறை நிலத்தை உயரத்தில் இருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பேணியின் உட்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தில் சாய்ந்த கையெழுத்தில், "செம்புக் கனியம். சாம்பியா எல்லைப் பகுதி. 1977. ச. சண்முகநாதன்" என்று எழுதியிருந்தது. சண்முகநாதன் மாஸ்டரை அவள் கண்டதில்லை. எழுபதுகளில் சாம்பியாவுக்குப் படிப்பிக்கப் போன எத்தனையோ பேரில் அவரும் ஒருவர், திரும்பி வந்து இதே ஆய்வுகூடத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள்.

பேணியின் துரு ஊசிகளின் மேல் உதிர்ந்திருந்தது. அதை வாயால் ஊதிவிட்டு, கல்லையும் காகிதத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். எந்தச் செம்புக் கனியம் என்று பட்டியலில் சரியாக எழுதவேண்டும் என்பது அவளுடைய எண்ணம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவளோடு படித்துவிட்டு இப்போது பேர்த் நகரத்தில் சுரங்கக் கம்பனியொன்றில் புவிச்சரிதவியலாளராக இருக்கும் லோஜனுக்குப் படத்தை அனுப்பினாள். பதில் எழுத்தில் வரவில்லை. உடனே அழைப்பு வந்தது.

"துஷா, உதைக் கையிலை வைச்சிருக்கிறியோ?"

"ஓம். ஏன்?"

"மெல்லமா அந்தப் பேணிக்குள்ளை திருப்பி வைச்சு மூடு. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. ஊதிகீதிப் போடாதை."

தான் ஏற்கெனவே ஊதிவிட்டதை அவள் சொல்லவில்லை. கல்லை வைத்தாள், மூடினாள், பேணியை இருந்த இடத்திலேயே வைத்தாள், கையைக் கழுவினாள். தொலைபேசி மேசையில் லோஜனின் குரலோடு கிடந்தது.

"செம்பு இருக்கிறது உண்மைதான். அந்தப் பச்சை செம்பாலைதான் வாறது. ஆனால் அதுக்குள்ளை பாதிக்குப் பாதி யுரேனியம். எனக்குத் தெரிஞ்ச மட்டிலை அது குப்ரோஸ்க்ளோடோவ்ஸ்கைற். கொங்கோப் பக்கத்திலை ரெண்டு மூண்டு சுரங்கத்திலைதான் இப்பிடி வடிவான ஊசியா வரும். கல்லுச் சேர்க்கிற ஆக்கள் உதுக்காக அடிபடுவாங்கள். மாஸ்டருக்கு ஆரோ சுரங்கத்துக்காரன் குடுத்திருப்பான்."

"ஆபத்தோ?"

"பேணிக்குள்ளை கிடந்தால் பெரிசா ஒண்டும் இல்லை. ஊசி முறிஞ்சு தூளாகி மூச்சுக்குள்ளை போனால்தான் கூடாது. முறையா அறிவிச்சு எடுக்கப் பண்ணு."

அன்று பின்னேரம் இணுவிலில் வீட்டுக்கு வந்ததும், சேலையைக்கூட மாற்றாமல் அந்தப் பெயரைத் தேடி வாசித்தாள். ஸ்க்ளோடோவ்ஸ்கா என்பது மேரி கியூரியின் பிறந்த வீட்டுப் பெயர். அந்தப் பெயரை முதலில் ஒரு மஞ்சள் கனியத்துக்கு வைத்திருந்தார்கள். பிறகு அதன் உறவாகச் செம்பு கலந்த பச்சைக் கனியம் அகப்பட்டபோது முன்னால் குப்ரோ என்று சேர்த்துவிட்டார்கள். நிலத்துக்குக் கீழே யுரேனியம் இருக்கும் பாறையில் நீர் ஊறி, அதனோடு செம்பையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு போய், வெடிப்புகளில் மெல்ல மெல்ல ஊசியாகப் படிய வைப்பதுதான் அது. சனங்கள் நினைப்பதுபோல அது இருட்டில் ஒளிராது. மணம் இல்லை, சூடு இல்லை. அதிலிருந்து புறப்படும் கதிர்களில் ஒருவகையை ஒரு கடதாசித்தாள் தடுத்துவிடும், இன்னொரு வகையைத் தகரம் தடுத்துவிடும், மூன்றாவது வகை தகரத்தையும் கண்ணாடியையும் கதிரையின் சாய்வுப் பலகையையும் கடந்து போகும். யுரேனியத்தில் பாதி அழிவதற்கு நானூற்றைம்பது கோடி வருடம் எடுக்கும். இதெல்லாம் ஒவ்வொரு வருடமும் அவள் கரும்பலகையில் எழுதுவதுதான்.

மூன்றாவது வகையில் வந்து அவளுடைய வாசிப்பு நின்றது. பதினொரு வருடம் அந்த அலுமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். 2015இல் மூன்றாம் மாதத்தில் ஒரு கரு கலைந்தது. 2018இல் ஐந்தாம் மாதம். முதலாவதற்கு வைத்தியர்கள் காரணம் சொல்லவில்லை. இரண்டாவதற்கும் சொல்லவில்லை. சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் தரிக்கவில்லை.

தொலைபேசியை மூடிவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

மறுநாள் காலை அதிபர் நடராசாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதமும் ஒரு சத்தமில்லாமல் கழியவேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை என்பது பாடசாலை முழுவதற்கும் தெரியும்.

"ரீச்சர், இதை ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ," என்றார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பின்னாலை பாழ்கிணறு கிடக்குது. அதுக்குள்ளை போட்டு மண்ணைக் கொட்டிவிட்டால் என்ன?"

"சேர், எங்கடை நிலத்துக்குக் கீழை முழுக்கச் சுண்ணக்கல்லு. எல்லாக் கிணத்துத் தண்ணியும் ஒண்டோடை ஒண்டு தொடுப்பு. அதுக்குள்ளை போட்டால் ஊராற்றை கிணத்துக்கெல்லாம் போட்ட மாதிரி."

"அப்ப கடல்?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். நடராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சண்முகநாதன் மாஸ்டர் உதை எத்தினை வருசம் தன்ரை மேசையிலை பேப்பர் பறக்காமல் வைச்சிருந்தவர் தெரியுமோ? நான் அவரிட்டைப் படிச்சனான். என்ரை கண்ணாலை கண்டிருக்கிறன். எண்பத்தாறு வயசு வரைக்கும் சைக்கிள் ஓடினவர்."

"அவருக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டதுக்காக நாங்கள் சும்மா இருக்கேலாது, சேர். கொழும்பிலை கதிர்வீச்சுப் பாக்கிற ஆக்களுக்குக் கடிதம் நான் எழுதியிருக்கிறன். நீங்கள் கையெழுத்து வைச்சால் காணும்."

அவர் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். 'அபாயம்' என்ற சொல்லை 'அவதானம்' என்று மாற்றச் சொன்னார். மாற்றியதும் கையெழுத்து வைத்தார். ஆய்வுகூடம் பூட்டப்பட்டது. திறப்பை அவர் தன்னுடைய மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு கோப்புக் கட்டையும் வைத்தார்.

கடிதம் கொழும்புக்குப் போய்ச் சேர முன்னமே கதை ஊருக்குள் போய்விட்டது. எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. முகநூலில் யாரோ 'யாழ். பாடசாலைக்குள் யுரேனியம்' என்று பச்சையாக ஒளிரும் ஒரு பூதத்தின் படத்தோடு போட்டார்கள். இரண்டு நாள் வகுப்புகளில் பாதிப்பேர் வரவில்லை. மூன்றாம் நாள் தவணைப் பரீட்சை தொடங்கியதால் எல்லோரும் வந்தார்கள்.

வீட்டில்தான் கதை வேறுவிதமாக இறங்கியது.

துஷாந்தினியின் மாமியார் மகாதேவி அவர்களோடுதான் இருந்தார். கெட்ட மனுசி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மருமகளை வாய்விட்டு ஒருநாளும் ஏசியதில்லை. ஆனால் இரண்டாவது பிள்ளை போன கிழமையில், சமையலறைக்குள் நின்று தன் தங்கைக்குத் தொலைபேசியில், "எங்கடை பக்கத்திலை ஒருத்தருக்கும் இப்பிடி வந்ததில்லை" என்று சொன்னதைத் துஷாந்தினி கேட்டுவிட்டாள். கேட்டதை மாமியாரும் கண்டுவிட்டார். அதன்பிறகு ஆறு வருடமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் மரியாதையாக இருந்தார்கள்.

கல்லின் கதை காதில் விழுந்த அன்று, மகாதேவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து மருமகளின் கையில் கொடுத்தார். வழமையில் மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

"அப்ப அந்தக் கல்லுதான் பிள்ளை?"

"இன்னும் ஒண்டும் தெரியாது, மாமி. அளந்து பாக்கவேணும்."

"என்ன அளக்கிறது? பதினொரு வருசம் பக்கத்திலை வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாய். தெரியாத்தனமா உன்னிலை ஒரு குறையெண்டு நினைச்சுப்போட்டன்." முன்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "உந்தக் கண்டறியாத கல்லு ரெண்டு பிஞ்சைத் திண்டிட்டுது."

அன்றிலிருந்து வீட்டின் காற்றே மாறிவிட்டது. மகாதேவி முருங்கைக்காய்க் கறி வைத்தார், அவளுக்குப் பிடிக்கும் என்று. தலையிடி என்றால் தைலம் கொண்டுவந்தார். அயலுக்குப் போய், தன் மருமகள் ஒரு பாவமும் அறியாதவள் என்று சொல்லிவிட்டு வந்தார். பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த கணவன் சிவதர்ஷன் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஆனால் அவனும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். ஒருநாள் சாப்பிட்டு முடிந்ததும் சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, "இப்பதான் எனக்கு மூச்சு வருது" என்றான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தன் மனைவியில் பிழை இல்லை என்று தெரிந்ததால் வந்த மூச்சு என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தபோது ஒரு கோபம் எழுந்தது. கூடவே அந்தக் கறியும் தைலமும் இதமாகவும் இருந்தன. இரண்டையும் அவள் ஒப்புக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் கொழும்பிலிருந்து ஒரு வாகனம் வந்தது. வந்த அதிகாரியின் பெயர் ஜெனிற்றா. இளவாலையில் பிறந்து வளர்ந்து கொழும்பில் வேலை செய்பவள், துஷாந்தினியிலும் நான்கைந்து வயது இளையவள். கூட இரண்டு உதவியாளர்கள், ஓர் ஈயப் பெட்டி, கையடக்கமான இரண்டு கருவிகள். நடராசா அவர்களுக்கு இளநீர் வெட்டுவித்தார். குடித்துவிட்டு அவர்கள் யன்னல்களை எல்லாம் திறந்து, அரை மணித்தியாலம் வெளியே நின்றார்கள்.

"கல்லிலை இருந்து ஒரு வாயு வரும், ரேடன். பூட்டின அறைக்குள்ளை சேர்ந்திருக்கும். அது போகட்டும்," என்றாள் ஜெனிற்றா.

முதலில் கிணற்றடியில் நின்று அளந்தாள். பிறகு விளையாட்டு மைதானத்தில். கருவியில் தெரிந்த எண்ணைத் துஷாந்தினியிடம் காட்டினாள். மணிக்குப் பூச்சியம் தசம் பூச்சியம் ஏழு மைக்ரோ சீவேட் கதிர்வீச்சு.

"இது எங்கையும் இருக்கிறது. மண்ணிலை இருந்தும் வானத்திலை இருந்தும் வாறது. யாழ்ப்பாணத்து மண்ணிலை மற்ற இடங்களிலும் பாக்கக் குறைவு."

உள்ளே போய்ப் பேணிக்கு முன்னால் கருவியைப் பிடித்தபோது அது அடைமழை ஓட்டில் விழுவதுபோலச் சடசடத்தது. வாசலில் நின்ற நடராசா இரண்டடி பின்னால் போனார். எண் நாற்பதைத் தாண்டியது. ஜெனிற்றாவின் முகத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. கருவியைப் பிடித்தபடி ஓரடி விலகினாள், இரண்டடி விலகினாள். ஒவ்வோர் அடிக்கும் சத்தம் இளைத்துக்கொண்டே வந்தது.

"உங்கடை கதிரை எது?"

துஷாந்தினி காட்டினாள். ஜெனிற்றா கருவியைக் கதிரையின் மேல், வயிற்றின் உயரத்தில் பிடித்து ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள்.

பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்பது.

"பிழையா இருக்காதோ?" என்று துஷாந்தினி கேட்டாள்.

ஜெனிற்றா மற்றக் கருவியையும் எடுத்து அதே இடத்தில் பிடித்தாள். அதே எண்தான். "தூரம் கூடக் கூட எப்பிடிக் குறையும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

"ஓம். எனக்குத் தெரியும்."

உதவியாளர்கள் கையுறை போட்டுக்கொண்டு பேணியைப் பிளாஸ்ரிக் பைக்குள் இறக்கினார்கள். நடராசா தாளில் கையெழுத்து வைக்க அலுவலகத்துக்குப் போனார். அலுமாரியின் தட்டையும் மேசையையும் துடைத்த காகிதங்களை ஜெனிற்றா ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தாள். தட்டைத் துடைத்ததில் கொஞ்சம் இருந்தது. மேசையில் இல்லை. துஷாந்தினி தான் ஊதியதைச் சொன்னாள்.

"ஒரு தரம் தானே? பயப்பிடாதேங்கோ. சலம் சோதிச்சுப் பாக்கலாம், உங்கடை மனத் திருப்திக்கு."

"எனக்கு ரெண்டு பிள்ளையள் தங்கேல்லை," என்றாள் துஷாந்தினி. "ஒண்டு மூண்டாம் மாசம். மற்றது அஞ்சாம் மாசம். ரெண்டு தரமும் இந்தக் கதிரையிலை இருந்துதான் படிப்பிச்சனான்."

ஜெனிற்றா கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, வருடத்துக்கு எத்தனை மணித்தியாலம் இந்தக் கதிரையில் இருப்பாள் என்று கேட்டாள். ஆயிரத்து இருநூறு என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள் துஷாந்தினி. இரண்டு பேரும் சேர்ந்து பெருக்கினார்கள். பதினொரு வருடத்துக்கும் சேர்த்து இந்தக் கல் அவளுக்குக் கொடுத்தது, நெஞ்சை மூன்று நான்கு தரம் எக்ஸ்ரே எடுத்தால் கிடைக்கும் அளவு.

"கருவைப் பாதிக்கிறதெண்டால் இதிலும் பார்க்கப் பல நூறு மடங்கு வேணும், அக்கா." அவள் முதல்தடவையாக அக்கா என்றாள். "இந்தக் கல்லாலை இல்லை. நான் அதை எழுதித் தரக்கூட முடியும்."

"அப்ப எதாலை?"

"அது எனக்குத் தெரியாது."

நேர்மையான பதில் என்று துஷாந்தினி நினைத்தாள். வைத்தியர்களும் ஆறு வருடத்துக்கு முன்பு இதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கடவுளையும் சேர்த்துச் சொன்னார்கள். இவள் சேர்க்கவில்லை.

வாகனம் போன பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இணுவிலுக்குத் திரும்பினாள். கந்தசுவாமி கோயிலடியில் யாருக்கோ வழிவிடுவதற்காக நின்றபோது, வீட்டில் ஒன்றும் சொல்லாமல் விட்டாலும் விடலாம் என்று தோன்றியது. கேட்டால், கல்லை எடுத்துப் போய்விட்டார்கள் என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. மாமியாரின் முருங்கைக்காய்க் கறியும் கணவனுடைய மூச்சும் அப்படியே இருக்கும். வீட்டின் மிச்ச நாள்களை அந்தக் கல்லின் மேல் வைத்துவிடலாம். ஆனால் அது நடக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தவறான காரணத்தை எழுதும் மாணவனுக்கு அவள் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை.

மகாதேவி வாசலிலேயே காத்திருந்தார். சிவதர்ஷன் அரைநாள் லீவில் வந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"அளந்து பாத்தவை. கல்லுக்குக் கிட்டப் பிடிச்சால் கூடத்தான். நான் இருக்கிற இடத்திலை ஒண்டும் இல்லை. பிள்ளையள் போனது அதாலை இல்லை."

மகாதேவி தலையை அசைத்து மறுத்தார். "கொழும்பாலை வந்தவை வேறை என்ன சொல்லுவினம்? தங்கடை தலையிலை வரும் எண்டு மறைக்கினம்."

"இல்லை மாமி. நானும் சேர்ந்துதான் கணக்குப் பாத்தனான்."

"உனக்கென்ன விசரோ பிள்ளை? உன்னிலை பிழையில்லை எண்டு கடவுளாப் பாத்துக் காட்ட, நீயே இல்லையெண்டு நிக்கிறாய்."

"என்னிலை பிழை எண்டு நான் சொல்லேல்லை, மாமி. கல்லிலை பிழை இல்லை எண்டுதான் சொல்லுறன்."

மகாதேவிக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டதோ இல்லையோ, எழுந்து உள்ளே போய்விட்டார். சிவதர்ஷன் கதிரையை விட்டு அசையவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"இஞ்சேருங்கோ, என்ன?" என்றாள்.

"அப்ப நான்தான்."

"என்ன நீங்கள்தான்?"

"ரெண்டாவது பிள்ளை போறதுக்கு முதல்நாள் உம்மை மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு தெல்லிப்பழைக்குப் போனனான். என்ரை சிநேகிதன்ரை புது வீட்டுக் குடிபூரலுக்கு. நீர் அலுப்பா இருக்கு, வரேல்லை எண்டனீர். நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனது. றோட்டுப் போடாமல் கிடங்கும் பள்ளமும். ஒரு இடத்திலை தூக்கிப் போட்டது. நீர் இடுப்பைப் பிடிச்சனீர். அடுத்தநாள் விடியத்தான்..." அவன் நிறுத்தினான். "ஆறு வருசமா அந்தக் கிடங்கு கண்ணுக்குள்ளை நிக்குது. கல்லெண்டு கேள்விப்பட்ட அண்டைக்குத்தான் அது போனது."

துஷாந்தினி அவனுக்கு முன்னாலிருந்த கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். அவன் வாய் திறக்காமல் இருந்த ஆறு வருடத்தையும், அவன் தன்மேல் சுமத்திய குற்றமாகவே வாசித்திருந்தாள். அந்தப் பயணம் அவளுக்கு ஞாபகமே இல்லை. குடிபூரலில் பால்சோறு தந்தார்கள், வெயில் அதிகம், அவ்வளவுதான்.

"மோட்டச்சைக்கிள் ஆட்டத்துக்குப் பிள்ளை கலையாது," என்றாள். "நான் அப்பவே டொக்டரிட்டைக் கேட்டனான், ஸ்கூட்டி ஓடினதாலையோ எண்டு. அப்பிடியெண்டால் யாழ்ப்பாணத்திலை ஒரு பிள்ளையும் பிறந்திருக்காது எண்டு சிரிச்சவர்."

"நீரும் அப்பிடி யோசிச்சனீரோ?"

"நான் என்னென்ன எல்லாம் யோசிச்சனான் எண்டு உங்களுக்குத் தெரியாது. அன்னாசி, ஆய்வுகூடத்து அமிலம், படியேறினது. எல்லாம்."

அவன் மேசையில் விரலால் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே கேட்டான்.

"நீர் பிள்ளையைப் பாத்தனீரோ? நான் வெளியிலை நிண்டனான். என்னை விடேல்லை."

"பாத்தனான்."

"எப்பிடி இருந்தது?"

"பொம்பிளைப் பிள்ளை. என்ரை உள்ளங்கையிலும் கொஞ்சம் பெரிசு. கண் மூடியிருந்தது. காது உங்கடை காது மாதிரி, வெளியாலை நீட்டிக்கொண்டு. தாதி ஒரு வெள்ளைத் துணியாலை சுத்தினவ. மற்ற ஒண்டும் நான் கேக்கேல்லை."

சிவதர்ஷன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவன் அழுது அவள் இதற்கு முன் கண்டதில்லை. எழுந்துபோய்த் தொடவில்லை. அழுது முடியும்வரை எதிரிலேயே இருந்தாள். உள்ளே மகாதேவி தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது.

இரண்டு மாதத்தில் கொழும்பிலிருந்து அறிக்கை வந்தது. லோஜன் சொன்ன கனியமேதான். பல்கலைக்கழகம் ஒன்றின் பாதுகாப்பான சேகரிப்பில் வைக்கப்பட்டிருப்பதாகவும், வழங்கியவர் என்று சண்முகநாதன் மாஸ்டரின் பெயரே இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். துஷாந்தினியின் சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. நடராசா அறிக்கையைக் காலைப் பிரார்த்தனையில் வாசித்தார். கனியத்தின் பெயர் வந்த இடத்தில் இருமிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

மகாதேவி மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அயலில் யாராவது விசாரித்தால், பள்ளிக்கூடத்தில் ஒரு நச்சுக்கல் கிடந்ததென்றும் அதுதான் தன் மருமகளின் வயிற்றில் கைவைத்ததென்றும் இப்போதும் சொல்கிறார். தொடக்கத்தில் துஷாந்தினி திருத்தினாள். ஒருநாள் மதிற்கரையில் நின்று அவர் அதையே சொல்வது காதில் விழுந்தது. அவருடைய குரலில் இருந்தது பொய் இல்லை, மருமகளைக் காக்கிற ஒரு பிடிவாதம் என்று அன்று அவளுக்குப் பட்டது. அவரைத் திருத்தப் போகாமல், விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிவதர்ஷன் மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, தான் பத்திரிகையோடு மற்றப் பக்கத்தில் இருந்துகொண்டான்.